ஆயுத அறை

இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒன்பதடி.
வெளிக்கதவுக்குத் தார்ப்பூச்சு,
உள்கதவுக்கு வெளிறிய நீலம்.
பின்லாந்தின் எங்கள் பக்கத்துக் கோயில்களில்
இந்த நுழைவிடத்துக்கு ஆயுத அறை என்று பெயர்.
வாளையும் கோடரியையும் இங்கே வைத்துவிட்டுத்தான்
அந்தக் காலத்தில் ஜெபத்துக்குப் போனார்களாம்.
போனார்களோ என்னவோ.

நான் கோயிற்பிள்ளையாக வந்த பதினாறு வருஷத்தில்
இங்கே விட்டுப்போனவை:
ஒற்றைக் கையுறைகள், எப்போதும் இடக்கை.
ஒரு பல்செட்.
பாதி தின்ற ஏலக்காய் பன்.
துணியில் சுற்றிய கைக்குழந்தை ஒன்று
(பத்து நிமிஷம்தான்,
அப்பா கொண்டுபோனதாக அம்மா நினைத்திருந்தாள்).

குளிர்காலத்துக்கு ஒரே சட்டம்:
ஒன்றைச் சாத்து, பிறகு மற்றதைத் திற.
மறந்தால், விடியற்காலையில் நான் மூட்டிய சூடெல்லாம்
வயலுக்குப் போய்விடும்.
அதனால் வருகிற ஒவ்வொருவரும்
நாலு மூச்சு நேரம் இங்கே நிற்கிறார்கள்,
வெளியிலும் இல்லாமல் உள்ளேயும் இல்லாமல்,
பூட்ஸைத் தட்டிக்கொண்டு.

சுவரோரம் தொழுமரம். மூன்று துளை.
பிரசங்கத்தில் குறட்டை விட்டவனை,
குடித்துவிட்டு வந்தவனைப் பூட்டியது.
கோடையில் சுற்றுலாப் பிள்ளைகள் கால்விட்டுப் பார்க்கும்.
நான் அதில் உட்கார்ந்துதான் பனிவாரியின்
கைப்பிடிக்குக் கம்பி சுற்றுவேன்.

வாசலுக்கு வெளியே மரப் பிச்சைக்காரர்,
நெஞ்சில் காசுத் துளையோடு.
அவருக்குக் குளிராது.

தவுனோ பிப்ரவரியில் செத்தார். மைனஸ் இருபத்தாறு.
எல்லாரும் உட்கார்ந்து,
ஆர்கன் தொடங்கிய பிறகு
அண்ணன் ஆர்மாஸ் வந்தார்.
இரண்டு ஓட்ஸ் வயலுக்கு நடுவில் ஒரு வாய்க்கால்;
யார் தூர்வாருவது என்று
முப்பத்தொரு வருஷம் பேச்சில்லை.
வாய்க்காலைக் குழாய் போட்டு மூடியே
எட்டு வருஷம் ஆகிவிட்டது.

வெளிக்கதவைச் சாத்தினார், சட்டப்படி.
உள்கதவைத் தொடவில்லை.
பாட்டுப்புத்தகத்தை நீட்டினேன்.
"எத்தனாம் பாட்டு?" என்றார்.
சொன்னேன்.
"அது அவனுக்குப் பிடிக்காதே" என்றார்
கதவைப் பார்த்து.

பிறகு கோட்டுப் பித்தானைக் கழற்றி,
இடுப்புவாரிலிருந்து கத்தியை உருவினார்.
பிர்ச் கட்டைப் பிடி, தோல் உறை.
தொப்பிகள் வைக்கும் பலகையில் வைத்தார்.
யாரும் கேட்கவில்லை.
ஆயிரம் வருஷமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெட்டி ஏழடி. முன்னும் பின்னும் ஆட்கள்.
ஒன்பதடிக்குள் அடங்காது.
சவத்துக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் பொருந்தாது:
இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தாக வேண்டும்.
உள்கதவின் கொக்கி அக்டோபரிலேயே விழுந்துவிட்டது.
நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டிருந்தேன்.

காற்று அறைந்தது.
பீடத்து மெழுகுவர்த்திகள் வரிசையாக அணைந்தன.
கதவு திரும்பி வந்தது;
ஆர்மாஸ் முதுகைக் கொடுத்தார்.
சுவரோடு ஒட்டி, வயிற்றை எக்கி நின்றார்.
பெட்டி அவர் நெஞ்சை உரசிக்கொண்டே போயிற்று,
ஒரு பித்தான் நீளத்துக்கும் கீறியது.
தூக்கியவர்கள் தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

கடைசி ஆளும் போன பிறகும்
கதவைப் பிடித்துக்கொண்டே இருந்தார்,
இன்னும் யாரோ வர வேண்டியிருப்பதுபோல.
"விடலாம்" என்றேன்.
விட்டார்.
கல்லறைப் பக்கம் போகவில்லை.
டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

கத்தி பலகையிலேயே கிடந்தது.
ஏப்ரலில் பனி உருகி
மரப் பிச்சைக்காரரின் மூக்கிலிருந்து சொட்டியபோது
போன் செய்தேன்:
உங்கள் கத்தியை மறந்துவிட்டீர்கள்.

அந்தப் பக்கம் தட்டுக் கழுவும் சத்தம்.
நின்றது.

"என்னுடையது இல்லை.
அவனிடம் இரவல் வாங்கினது."

இப்போதும் தொப்பிப் பலகையில்தான் இருக்கிறது.
எடுத்துவைக்க இந்த அறையில் வேறு இடமில்லை.
கொக்கியைச் சரிசெய்துவிட்டேன்.